அம்பாஸிடரும் பியட்டும்

அம்பாஸிடர் உயர்த்தியா, பியட் உயர்த்தியா? தேனிப் பக்கத்தில் நாலு பெரியவர்கள் கூடிய இடத்தில் இதைக் கேட்டுவிட்டு, தப்பித்து வருவது கஷ்டம். பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய பியட், 2000-ஆம் ஆண்டையொட்டி விடைபெற்றுக் கொண்டது. அம்பாஸிடரின் உற்பத்தி 2014-இல் நின்றது. வண்டிகள் போய்விட்டன, கட்சிகள் மட்டும் கலையவில்லை.

என் கட்சியை முன்னதாகவே சொல்லி விடுகிறேன். ஓட்டுகிறவருக்குப் பியட், ஊருக்கு அம்பாஸிடர். இரண்டு பக்கமும் தலையாட்டும் சாமர்த்தியம் அல்ல இது. காரணம் இருக்கிறது.

பரீட்சை வைப்பதற்குப் போடிமெட்டுச் சாலையைவிடப் பொருத்தமான இடம் ஏது? 17 கொண்டை ஊசி வளைவுகள். பியட்டின் என்ஜின் 1089 சி.சி.; சுமார் 40 குதிரைச் சக்தி. அம்பாஸிடருக்கு 1489 சி.சி.; சுமார் 50. பத்துக் குதிரை அதிகம் என்று அம்பாஸிடர்க்காரர் மார்தட்டலாம். ஆனால் அவருடைய வண்டி இருநூறு கிலோவுக்குமேல் கூடுதல் கனம். ஆகவே வெறும் வண்டியாக ஏறினால், ஒரு குதிரையின் தலையில் விழும் பாரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வளைவில் திருப்ப இலகு, பெட்ரோலில் சிக்கனம் என்று பார்த்தால் பியட்டே ஜெயிக்கிறது. தனியாகப் போகும் டாக்டருக்கும் வக்கீலுக்கும் அது போதும்.

ஆனால், இந்தப் பள்ளத்தாக்கில் தனியாகப் போகிறவர் எத்தனை பேர்? சின்னமனூரில் கல்யாணம் என்றால் பெரியவர்கள் ஆறு பேர், மடியில் குழந்தைகள், பின்னால் சீர்வரிசை, அதன்மேல் ஒரு வாழைத்தார். இப்படி நானூறு கிலோ ஏறியதும் கணக்கு புரண்டு விடுகிறது. அம்பாஸிடருக்கு அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். பியட்டுக்கோ பாதியை நெருங்கும் சுமை. பிரசவ வலி எடுத்தவளைக் கம்பத்திலிருந்து மதுரைக்குக் கொண்டுபோகும்போது, அவள் காலை நீட்டிப் படுக்க எந்த ஆசனம் இடம் தரும் என்பதும் ஒரு கேள்வி. விசாலத்தில் அம்பாஸிடரை மிஞ்ச முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்போர்டின் அச்சு ஒன்று. இத்தாலியப் பியட் 1100-இன் அச்சு மற்றொன்று. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் சேர்த்தால், சர்க்கார் லைசென்ஸ் கொடுத்து நமக்குக் காட்டிய கார்கள் ஏறக்குறைய அவ்வளவே. பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தோம். 1983-இல் மாருதி வரும்வரை நாம் தேர்ந்தெடுத்ததைவிட, கிடைத்ததன்மேல் அன்பு வைத்ததுதான் அதிகம். அன்பு பொய்யல்ல, அது மதிப்பெண் ஆகாது என்பதுதான் என் வாதம்.

இந்தச் சர்ச்சையில் ஒருவரும் கேளாத சாட்சி உண்டு. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் பெண்கள். அவர்களைச் சுமந்து சென்றது இரண்டு கார்களும் அல்ல, ஜீப்தான். அதிலும் உட்கார இடம் கிடைப்பதே அதிர்ஷ்டம். எந்த வண்டி உயர்த்தி என்று ஸ்டீரிங் பிடிப்பவரை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம். நெருக்கியடித்துக்கொண்டு கடைசியாக ஏறியவளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?