பாரிஸின் வயிறும் எஸ்தாக்கியார் ஆலயமும்

எமிலி ஜோலாவைத் தமிழ் வாசகர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிஞர் அண்ணாவின் 'ஏழை பங்காளர் எமிலி ஜோலா' அப்பெயரை நம்மிடையே பரப்பியது. ஆயினும் நாம் அப்பெயரை முதலில் கேட்டது குருமடத்தில், திருச்சபை வரலாற்று வகுப்பில், தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலைப் பற்றிய பாடத்தின்போதுதான். அவருடைய நூல்கள் அனைத்தும் அப்பட்டியலில் இருந்தன. பட்டியல் 1966இல் வலுவிழந்தது. எனினும் பல்லாண்டுகள் அவற்றை நாம் தொடவில்லை. தடை நீங்கிய பின்னும் தயக்கம் நீங்குவதில்லை போலும்! அண்மையில் 'பாரிஸின் வயிறு' (1873) என்னும் நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தோம். ஒரு சந்தையைச் சுற்றிப் பார்க்கும் ஆவலோடு நூலுள் புகுந்த நாம், சந்தைக்கு எதிரே நிற்கும் ஆலயத்தில் ஒரு குருவின் முன்னே கொண்டுபோய் நிறுத்தப்பட்டோம்.

சந்தையின் பெயர் லே ஆல். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பாரிஸ் மாநகருக்கு உணவளித்த இடம் அது. 1850களில் கட்டடக் கலைஞர் பால்தார் அங்கே இரும்பாலும் கண்ணாடியாலும் பெரும் மண்டபங்களை எழுப்பத் தொடங்கினார். மீனுக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று, வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் ஒன்று என அவை வரிசையாக நின்றன. ஜோலா அங்கே இரவும் பகலும் அலைந்து, கண்டதையெல்லாம் குறிப்பெடுத்தே இந்நாவலை எழுதினார். விடியுமுன் முட்டைக்கோசும் முள்ளங்கியும் மலைபோல் குவிவது, விளக்கொளியில் மீன் ஏலம் போவது, நிலவறைகளில் கோழிகள் அடைபட்டுக் கிடப்பது ஆகிய அனைத்தும் இதில் உண்டு. சில இடங்களில் பட்டியல் நீண்டு சலிப்பூட்டுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மூன்று பெண்கள் புறம்பேசும் காட்சியில் பாலாடைக்கட்டிகளின் நாற்றத்தை ஜோலா பக்கம் பக்கமாக வருணிக்கிறார். ஆனால் அந்த நாற்றம் கட்டிகளினுடையதா, பேச்சினுடையதா என்று பிரித்தறிய முடியாதபடி எழுதியிருப்பதில் அவர் திறமை தெரிகிறது.

கதை எளியது. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது, குற்றமேதும் செய்யாத புளோரான் பிடிபட்டுத் தென் அமெரிக்கக் கரைக்கப்பாலுள்ள சாத்தான் தீவுக்கு அனுப்பப்படுகிறான். ஏழாண்டுகளுக்குப் பின் தப்பி வருபவன், பாரிஸுக்குச் செல்லும் சாலையில் பசியால் மயங்கி விழுகிறான். காய்கறி வண்டியோட்டி வரும் பிரான்சுவா அம்மையார் அவனைத் தூக்கித் தம் வண்டியில் கிடத்துகிறார். எரிகோ சாலையில் நிகழ்ந்ததை நாம் நினைக்காமல் இருக்க முடியாது. இவ்வாறு பசித்தவன் ஒருவன், உணவு மலைகளின் நடுவே, கையில் காசின்றி வந்து இறங்குகிறான்.

அவனுடைய தம்பி சந்தையருகே பன்றி இறைச்சிக் கடை வைத்திருக்கிறான். தம்பி மனைவி லிசா தூய்மையானவள், உழைப்பாளி, கணக்கில் நேர்மையானவள். மைத்துனனுக்கு உணவும் படுக்கையும் தருகிறாள். அவனுக்குரிய பங்குப் பணத்தையும் மறைக்காமல் எடுத்து வைக்கிறாள். அவளைக் கொடியவள் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு மாலையில், அடுப்பில் கொழுப்பு உருக, குடலில் அடைப்பதற்கான இரத்தம் கலக்கப்பட, புளோரான் தான் பட்ட பாட்டைக் குழந்தைக்குக் கதைபோல் சொல்லுகிறான். ஒரு மனிதன் மூன்று நாள் உண்ணாமல் இருந்தான் என்று கேட்டதும் லிசா முகஞ்சுளிக்கிறாள். அவளால் அதை நம்ப இயலவில்லை. அப்படிப் பசித்துக் கிடப்பவன் மரியாதையுள்ளவனாக இருக்க முடியாது என்பது அவள் எண்ணம். ஏழை இலாசரைக் குறித்து நாம் எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறோம். செல்வன் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ லூக்கா எழுதவில்லை என்பதை இந்தச் சமையலறைக் காட்சி நமக்கு மீண்டும் நினைவூட்டியது.

நாவலில் வரும் ஓவியன் குளோது, மாந்தரைக் கொழுத்தவர், மெலிந்தவர் என இரண்டாகப் பிரிக்கிறான். காயினைக் கொழுத்தவர் பக்கமும் ஆபேலை மெலிந்தவர் பக்கமும் நிறுத்துகிறான். இப்பிரிவு முழுதும் பொருந்துமென்று நாம் கருதவில்லை. மெலிந்தவர்களிலும் வஞ்சகர் உண்டு. மிச்சம் மீதியை வாங்கித் தின்று, ஊரார் இரகசியங்களைத் துருவித் திரியும் கிழவி சகே இந்நாவலிலேயே இருக்கிறாள். புளோரானும் குறையற்றவனல்லன். மீன் மண்டப மேற்பார்வையாளனாகி, மதுக்கடையின் பின்னறையில் சிலரோடு கூடிப் புரட்சிக் கனவு காண்கிறான். அக்கனவில் நூலாசிரியருக்கே பெரிதாக நம்பிக்கையில்லை.

லிசாவுக்கு அச்சம் பிறக்கிறது. கடைக்குக் கேடு வருமோ என்று கலங்குகிறாள். மைத்துனனின் அறையைச் சோதித்துப் பார்க்கலாமா? அவள் புனித எஸ்தாக்கியார் ஆலயத்துக்குப் போகிறாள். தன் செல்வமும் குடும்பமும் இழந்து அலைந்த உரோமைப் படைத்தலைவராக மரபு போற்றும் புனிதர் இவர். சந்தையின் செழிப்புக்கு எதிரே அவர் பெயரால் ஆலயம் நிற்பது வரலாறு தந்த முரண். லிசா அங்கே பாவசங்கீர்த்தனம் செய்யப் போகவில்லை. குரு ரூஸ்தான் சட்டம் அறிந்தவர், முதலீட்டுக்கும் யோசனை சொல்பவர், பக்குவமாகப் பேசுபவர். அவள் யாரையும் பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்கிறாள். அவரும் பொதுவாகவே விடை தருகிறார். தீமையைத் தடுப்பது நல்லோர் கடமை, எல்லாம் சூழ்நிலையைப் பொறுத்தது என்ற போக்கில் உரையாடல் செல்கிறது. அவள் தெளிந்த மனத்தோடு வீடு திரும்பி அறையைச் சோதிக்கிறாள். பின்னர் காவல்துறைத் தலைமையகத்துக்கும் செல்கிறாள். அங்கே அவளுக்குமுன் அக்கம்பக்கத்தார் பலரும் எழுதிய காட்டிக்கொடுக்கும் கடிதங்கள் கோப்பில் குவிந்திருப்பதைக் காண்கிறாள். புளோரான் மீண்டும் நாடு கடத்தப்படுகிறான்.

ஜோலா குருக்கள்மீது பகை கொண்டவர், ஆதலால் இப்படி எழுதினார் என்று இக்காட்சியைத் தள்ளிவிடலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் ரூஸ்தான் பேராசைக்காரராகவோ ஒழுக்கங்கெட்டவராகவோ காட்டப்படவில்லை. அறநெறி இறையியலில் அவர் சொன்னவற்றுக்குச் சான்று காட்டவும் இயலும். அவர் கேட்காமல் விட்டது ஒன்றே: யாருடைய அறை? அறைக்குரிய மனிதனின் பெயரைக் கேட்டிருந்தால் பேச்சு வேறாகியிருக்கும்.

பல ஆண்டுகளுக்குமுன், கடைவீதியை அடுத்த ஒரு பங்கில் நாம் பணிபுரிந்தபோது, வணிகர் ஒருவர் மாலைத் திருப்பலிக்குப்பின் வந்து, கடைத் திண்ணையில் ஒருவரைப் படுக்க விடுவது கடமையா என்று கேட்டார். உடைமையின் உரிமை, பிறரன்பு, பொறுப்பு என்று நாமும் நிதானமாக விளக்கி, உங்கள் மனச்சான்றுப்படி செய்யுங்கள் என்று முடித்தோம். அவர் நன்றி கூறிச் சென்றார். திண்ணையில் படுத்திருந்தவர் அவரிடமே பதினைந்து ஆண்டுகள் மூட்டை சுமந்த முதியவர் என்பது நமக்கு மறுவாரந்தான் தெரிந்தது. அதற்குள் திண்ணையில் கம்பி வேலி போடப்பட்டிருந்தது. முதியவர் எங்குச் சென்றார் என்று விசாரித்தோம், கண்டுபிடிக்க இயலவில்லை. ரூஸ்தானைப் பற்றிய பக்கங்களை நாம் இருமுறை படித்ததற்கு இதுவே காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்நாவல் வெளியாகி இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1898இல், யூத இராணுவ அதிகாரி திரைஃபுசுக்காக ஜோலா தம் புகழ்பெற்ற பகிரங்கக் கடிதத்தை வெளியிட்டார். திரைஃபுசும் குற்றமின்றித் தண்டிக்கப்பட்டவர். அவர் அடைபட்டிருந்த இடமும் அதே சாத்தான் தீவு. கற்பனையில் புளோரானைக் காக்க ஒருவரும் இல்லை. உண்மையில் திரைஃபுசுக்காக வழக்கையும் நாடுவிட்டு ஓடும் நிலையையும் ஜோலா ஏற்றார். அந்நாளில் பிரெஞ்சுக் கத்தோலிக்க நாளிதழ் 'லா குருவா' திரைஃபுசுக்கு எதிராகக் கடுமையாக எழுதியது. நூறாண்டுகள் கழித்து, 1998இல், அதற்காக அவ்விதழே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது.

சந்தையின் இரும்பு வளைவுக்கடியில் தெரியும் ஆலயத்தைக் கண்டு, இனி இரும்பு கல்லை வெல்லும் என்று ஓவியன் குளோது கருதுகிறான். காலம் வேறு விதமாகத் தீர்த்தது. 1969இல் சந்தை நகருக்கு வெளியே ரன்ஜிசுக்குப் பெயர்ந்தது. 1971 முதல் மண்டபங்கள் இடிக்கப்பட்டன. ஒன்று மட்டும் நொழான் என்னும் ஊரில் மறுபடி நிறுவப்பட்டுள்ளது. பழைய இடத்தில் 1979இல் நிலத்தடிக் கடைவளாகம் திறக்கப்பட்டது. கல் ஆலயம் இன்றும் நிற்கிறது. இதில் நாம் பெருமை கொள்ளலாமோ என்று தோன்றியது. ஆனால் கட்டடம் நிற்பது மட்டும் ரூஸ்தானுக்கு விடையாகாது.

அவ்வாலயத்துள் பன்றி இறைச்சி வணிகர்களுக்கென ஒரு சிற்றாலயம் உண்டு. லிசா கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பாள். மற்றொரு சிற்றாலயத்தில் சிற்பி ரேமண்ட் மேசன் செய்த வண்ணச் சிற்பம் இருக்கிறது. 1969 பிப்ரவரி 28 அன்று சந்தை மாந்தர் காய்களும் கனிகளும் சுமந்து பாரிஸை விட்டு வெளியேறும் காட்சி அது. ஆலய வாயிலிலோ, 1984 முதல் குளிர்கால மாலைகளில், பசித்து வருவோர்க்குச் சூடான சூப் வழங்கி வருகின்றனர்.