கனம் கரையும் பாதை

விதுரையிலிருந்து போனக்காட்டுக்கு ஏறும் பாதையில், தார் பெயர்ந்து கல் துருத்தும் இடங்களில்தான் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இன் அருமை தெரிகிறது. நிறுத்தி வைத்தால் அதன் 196 கிலோ மிரட்டும். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று ஓட்டினால் அந்தக் கனம் கரைந்துவிடுகிறது. 21 அங்குல முன்சக்கரம் குழிகளைத் தடவிக்கொண்டே கடக்கிறது. ஹேண்டில்பாரை இறுக்காமல், முழங்காலால் டேங்கை அணைத்து, கிளட்சை விரல் நுனியால் விடும் பொறுமை மெல்லத்தான் கைக்கு வரும். சரளை நொறுங்கும் சத்தம், இரண்டாம் கியரின் சீரான முனகல், கவாத்து காணாமல் மரமாகிவிட்ட தேயிலையின் ஈர வாசம். எவ்வளவு நேரம் போனாலும் அலுக்கவில்லை. மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையருகே இறங்கும்போது எஞ்சினின் கதகதப்பு காலில் ஒட்டியிருக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் சீட்டைத் தாழ்த்தி வைத்தே பழகுங்கள், உயர்த்துவதற்கு அவசரமில்லை.