துணைத்தலைப்பு மாறிய புத்தகம்: பெரியவர்களுக்குக் கற்பிப்போர் பயிற்சியில் நோல்ஸ்

பெரியவர்களுக்குப் பாடம் நடத்தச் சான்றிதழ் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் சில வகுப்புகளிலேயே மால்கம் நோல்ஸ் என்ற பெயரைச் சந்தித்துவிடுவார்கள். சிங்கப்பூரில் முன்பு ஆக்டா, இப்போது ஏ.சி.எல்.பி. என்று சான்றிதழ்களின் பெயர்கள் மாறின. நோல்ஸ் மட்டும் மாறாமல் உட்கார்ந்திருக்கிறார். ‘முதியோர் கல்வி’ என்ற நம் பழைய சொல்லை நான் இங்கே தவிர்க்கிறேன். அதைக் கேட்டால் முப்பது வயதுக்காரர் யாரும் வகுப்புக்கு வரமாட்டார்!

நோல்ஸின் ‘தி மாடர்ன் பிராக்டிஸ் ஆஃப் அடல்ட் எஜுகேஷன்’ 1970இல் வந்தது. துணைத்தலைப்பு ‘ஆண்ட்ரகாஜி வெர்சஸ் பெடகாஜி’. அதாவது பெரியவருக்குக் கற்பிக்கும் கலையும் சிறுவருக்குக் கற்பிக்கும் கலையும் எதிரெதிர். பெரியவர் தம் கற்றலைத் தாமே நடத்துவார். அவருடைய அனுபவமே பாடத்துக்கு மூலதனம். வாழ்க்கைப் பொறுப்பு வரும்போது கற்கத் தயாராவார். உடனே பயன்படுவதையே தேடுவார். இந்த நான்கும்தான் நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்பவை.

அதே புத்தகம் 1980இல் திருத்தி வெளியிடப்பட்டபோது ‘வெர்சஸ்’ காணாமல் போனது. புதிய துணைத்தலைப்பு ‘ஃப்ரம் பெடகாஜி டு ஆண்ட்ரகாஜி’. ஒரு துறைக்கு முற்றிலும் புதியவரான பெரியவருக்கு ஆசிரியர் நேரடியாகச் சொல்லிக்கொடுப்பதும் பொருந்தலாம், சிறுவர்களும் சில இடங்களில் தாமாகக் கற்பார்கள் என்று நோல்ஸே ஒப்புக்கொண்டார். அவருடைய பேராசிரியர் சிரில் ஹூல் இந்தப் பிரிவினையை ஏற்கவே இல்லை. (முதலில் அந்தச் சொல்லையே நோல்ஸ் ‘ஆண்ட்ரோகாஜி’ என்று தவறாக எழுதிப் பிறகு திருத்திக்கொண்டார். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கிற நமக்கு இது ஒரு சின்ன ஆறுதல்.)

சிக்கல் என்னவென்றால், பல பயிற்சிக் கையேடுகளில் இருப்பது 1970ஆம் ஆண்டு நோல்ஸ். நான் எடுத்த ஒரு குறுகிய பயிற்சியில், மாலை நேரத் தமிழ் வகுப்பு ஒன்றை நடத்திக் காட்டினேன். மாணவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. வீட்டில் தமிழ்தான், படிக்கத் தெரியாது. பேரனின் பாடநூலை அவனுக்குப் படித்துக் காட்டணும் என்பதற்காக வந்தவர். ஆண்ட்ரகாஜிப்படி, “என்ன படிக்க விரும்புறீங்க?” என்று கேட்டேன். “எனக்கு எப்படித் தெரியும் சார்? நீங்கதான் சொல்லணும்” என்றார். நியாயம்தானே? ஆகவே ல, ள, ழ மூன்றையும் இருபது நிமிடம் பலகையில் எழுதிப் பழக்கினேன். அவர் பேச்சில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’. அதனால் காதில் விழுவதை வைத்து எழுத்தை ஊகிக்க முடியாது. ‘வந்தாங்க’ என்று நாற்பது வருடம் பேசியவருக்கு ‘வந்தார்கள்’ என்று அச்சில் பார்ப்பது புது மொழி மாதிரி. அனுபவம் மூலதனம்தான், இங்கே அதுவே தடையாகவும் நின்றது. மதிப்பீட்டுத் தாளில் எனக்குக் கிடைத்த குறிப்பு: “ஆசிரியர் ஆதிக்கம் அதிகம்.”

அந்தக் குறிப்பை எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் கையில் இருந்த படிவம் அப்படி. ஆனால் அப்படிப்பட்ட படிவத்தை வைத்துத்தான் ஒருவர் கற்பிக்கத் தகுதி பெற்றாரா என்று முடிவாகிறது.

நோல்ஸிடம் பிழையே நிறைந்திருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. மூன்றாவது கருத்துக்கு அந்த அம்மாவே சாட்சி; பேரன் பள்ளிக்குப் போகாமல் இருந்திருந்தால் அவர் வகுப்புக்கே வந்திருக்கமாட்டார். வகுப்பின் சூழல் கற்பவரை மதிப்பதாக இருக்கவேண்டும் என்று நோல்ஸ் வலியுறுத்துவதும் சரி. பெரியவர்கள் வகுப்பில் முதல் எதிரி வெட்கம். ஆனால் அவர் கருத்துகள் எங்கே விளைந்தன என்று பார்க்கணும். 1940களில் பாஸ்டன் ஒய்.எம்.சி.ஏ.யில் பெரியவர்களுக்கான வகுப்புகளை நடத்தியவர் அவர். அங்கே வந்தவர்கள் விரும்பி வந்தவர்கள். இன்று நம் பயிற்சி வகுப்புகளில் பலரும் முதலாளி அனுப்பி வந்தவர்கள், வேலை முடிந்து களைப்போடு உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களைப் பார்த்து “உங்கள் கற்றலை நீங்களே திட்டமிடுங்கள்” என்றால் பாதிப் பேர் கைத்தொலைபேசியைத் திறப்பார்கள்.

தேர்வு எழுதும் நண்பர்களுக்கு ஒன்று. ‘நோல்ஸின் கோட்பாட்டை மதிப்பிடுக’ என்று வந்தால் நான்கு கருத்துகளையும் வரிசையாக எழுதி நிறுத்திவிடாதீர்கள், அது விளக்கம்தான். இரண்டு பதிப்புகளின் துணைத்தலைப்பையும் ஆண்டோடு எழுதி, இடையில் அவர் எதை விட்டுக்கொடுத்தார், ஏன் என்று கேளுங்கள். உங்கள் வகுப்பிலிருந்து ஒரு சான்றும் கொடுங்கள். பயிற்சி நடத்தும் மூத்த ஆசிரியர்கள் அந்தப் பழைய அட்டவணையை மறுபடி நகலெடுக்கப் போகிறீர்கள் என்றால், 1980இல் அவர் தந்த விளக்கத்தையும் சேர்த்தே நகலெடுங்கள்.