இல்லாத மருந்தும் இருந்த மனிதரும்

பொய்யைப் பற்றி ஆராய்ந்த புனித அகுஸ்தினார், வேடிக்கைப் பேச்சைப் பொய்யின் கணக்கில் சேர்க்கவில்லை. அது விளையாட்டு என்பதைச் சொல்பவரின் குரலும் மனநிலையுமே கேட்பவருக்கு உணர்த்திவிடும் என்பது அவர் காட்டிய காரணம். ஆனால் ஒரே சொல், வீட்டிலிருந்து காண்பவருக்கு விளையாட்டாகவும், எதிரே அமர்ந்திருப்பவருக்கு முழுப் பொய்யாகவும் இருக்குமானால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது? பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சியில் 1997-ஆம் ஆண்டு ஒளிபரப்பான ‘பிராஸ் ஐ’ என்னும் அங்கதத் தொடர் இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

கிறிஸ் மாரிஸ் உருவாக்கிய இத்தொடர், பரபரப்புச் செய்தி நிகழ்ச்சிகளின் வேடத்தைப் பூண்டு அவற்றையே எள்ளி நகையாடியது. போதைப்பொருள் பற்றிய பகுதிக்கென ‘கேக்’ என்றொரு மருந்து கற்பிக்கப்பட்டது. இல்லாத இயக்கத்தின் பெயரால் பிரமுகர்கள் அணுகப்பட்டனர். நோயல் எட்மண்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற தொகுப்பாளர், இம்மருந்து காலத்தை உணரும் மூளைப்பகுதியைத் தாக்கும் என்று விளக்கினார். சாலையைக் கடக்க ஒரு மாத அவகாசம் இருப்பதாக எண்ணிய பிராகா நகரச் சிறுவன் டிராம் வண்டியின் முன் நடந்துவிட்டானாம்! ஆங்கிலத்தில் ‘செயற்கையாகச் செய்தது’ என்றும் ‘கட்டிவிட்டது’ என்றும் இருபொருள் தரும் ஒரு சொல்லால் அம்மருந்து வருணிக்கப்பட்டது. உண்மை அவர்கள் வாயிலிருந்தே வெளிவந்தும் அவர்கள் செவிக்கு எட்டவில்லை.

நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஏமெஸ் ஒருபடி மேலே சென்றார். ஒளிப்பதிவுக் கருவியின் முன் எச்சரித்ததோடு நில்லாமல், 1996-இல் நாடாளுமன்றத்திலேயே அம்மருந்தைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். அரசும் முறைப்படி பதில் அளித்தது.

இந்த அங்கதத்தின் நியாயத்தை நாம் மறுப்பதற்கில்லை. அது எளியோரை நகையாடவில்லை. தம் முகத்தையும் பெயரையும் மக்கள் நம்புவார்கள் என்று அறிந்தவர்களையே சோதித்தது. மருத்துவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், மாயம் கலைந்திருக்கும். அவர்கள் தீயவர் அல்லர். நற்பணி என்ற சொல் முன்னே வந்ததும் ஆராயும் அறிவு ஓய்வெடுக்கப் போய்விட்டது, அவ்வளவே.

எனினும், செயலை நகையாடுவது ஒன்று. அச்செயலையே மனிதராக்கிவிடுவது வேறு. விளையாட்டுப் பொய்யையும் தீங்கிழைக்கும் பொய்யையும் புனித தோமா அக்குவினாஸ் தனித்தனியே வகுத்தார். ஒளிப்பதிவுக் கருவியோ இரண்டையும் கலந்து, அக்கலவையை அழியாமல் காத்துவைக்கிறது. புதிய போதைப்பொருள்கள் பற்றிய மசோதாவை ஆராயும் குழுவுக்கு 2015-இல் ஏமெஸ் தலைமையேற்றபோது, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்திய ‘கேக்’கையே செய்தித்தாள்கள் நினைவூட்டின. குளிர்காலத்தில் வீட்டை வெப்பமாக வைத்துக்கொள்ள வசதியற்ற ஏழைகளுக்காக அவர் கொண்டுவந்த மசோதா 2000-இல் சட்டமானதை நினைவுகூர்ந்தவர் எத்தனை பேர்?

ஏமெஸ் ஒரு கத்தோலிக்கர். 2021 அக்டோபர் 15 அன்று, லீ-ஆன்-சீ என்னும் ஊரில், ஓர் ஆலயத்தில் தம் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். யார் வந்தாலும் நம்பிக் கதவைத் திறக்கும் இயல்பு, ஒரு நாள் அவரை நகைப்புக்கு ஆளாக்கியது. மற்றொரு நாள் உயிரையே கேட்டது. இதை அறிந்தபின் அக்காட்சியை மீண்டும் கண்டோம். சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் முன்போல் எளிதாக வரவில்லை.

அங்கதம் பிறருக்கு மட்டும் உரியதன்று. திருப்பலி முடிவில் கையில் தரப்படும் துண்டுத்தாளைப் படித்துப் பாராமலே அறிவிப்பாக வாசித்துவிடும் பழக்கம் நமக்கும் உண்டு. பீடத்திலிருந்து சொன்னதால் மக்கள் அதை நம்புகிறார்கள். நம் கையில் ‘கேக்’ தரப்பட்டிருந்தால் நாம் அதை வாசித்திருக்கமாட்டோம் என்று உறுதி கூற நம்மால் இயலவில்லை.