படிவம் மூன்றில் பெயர் இல்லாதவர்கள்

ஒரு கபடி அணிக்குப் பன்னிரண்டு பேர். களத்தில் ஏழு, வெளியே ஐந்து. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டத்தில் இரண்டு அணிகளுக்குமாக இருபத்து நான்கு பேர் வரிசையில் நின்று கைகுலுக்குகிறார்கள். அடுத்து பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். அதற்கும் பன்னிரண்டே பேர்தான். அரையிறுதியில் தோற்ற கல்லூரியில் ஒரு நல்ல ரெய்டர் இருப்பான். முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிய கல்லூரியில் அசைக்க முடியாத கார்னர் ஒருவன் இருப்பான். அவர்களையும் சேர்த்தாக வேண்டும். ஆகவே இறுதி ஆட்டம் ஆடியவர்களிலேயே பாதிக்குக் குறையாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கல்லூரி விளையாட்டைப் பற்றி எழுதும்போது நாம் பார்க்கத் தவறுவது இந்தக் கழித்தல் கணக்கைத்தான்.

இந்தக் கணக்குக்கு ஒரு காகிதம் இருக்கிறது. ஒன்றிய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர வேண்டுமானால் படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 3, தேசிய அளவில் பள்ளி அணிக்கு ஆடியவருக்குப் படிவம் 4. தன் கல்லூரிக்காக மூன்று வருடம் உயிரைக் கொடுத்து ஆடி, பல்கலைக்கழக அணியின் பதின்மூன்றாவது ஆளாக நின்றுபோனவனுக்கு எந்தப் படிவமும் கிடையாது. பன்னிரண்டாமவன் ஒரு ஆட்டத்தில்கூடக் களம் இறங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாலும் அணியில் போய்வந்தவன் என்ற பதிவு இருக்கும். பதின்மூன்றாமவனுக்கு அதுவும் இல்லை. ரயில்வே, வங்கி, காவல்துறை, வருமான வரி என்று தமிழ்நாட்டு விளையாட்டைத் தூக்கி நிறுத்திய வேலைவாய்ப்புக் கதவுகள் எல்லாம் இந்த ஒற்றை இலக்க வித்தியாசத்தில் திறக்கின்றன, இல்லையென்றால் மூடிக்கொள்கின்றன.

அம்மையார்குப்பம் பக்கம் போனால் மூடிய கதவுக்கு இந்தப்புறம் என்ன நடக்கிறது என்று தெரியும். திருத்தணிக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் போய்வருகிற இந்த ஊரில் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். பையன்கள் படிப்பது பெரும்பாலும் திருத்தணி சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியில். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி அது. ஆகவே சென்னை நகரத்துப் பெரிய கல்லூரிகள் எந்தக் களத்தில் மோதுகின்றனவோ அதே களத்தில்தான் இவர்களும் இறங்க வேண்டும். தடகளம் என்றால், 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ஏ.எல். முதலியார் பெயரில் நடக்கும் போட்டி. அங்கே சிந்தெடிக் தடத்தில் ஸ்பைக் போட்டுப் பழகியவனோடு ஏரிக்கரை மண்ணில் ஓடிப் பழகியவன் சேர்ந்து நிற்கிறான். திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகள் இலவசப் பயிற்சிக்கூடம் என்பது வேண்டுமானால் இவர்களுக்கு ஒரு சாதகம்.

எல்லை ஊர் என்பதால் இன்னொரு விசித்திரமும் உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றைக்கும் நகரி, புத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் திருப்பதி வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துக்கு ஆடுகிறார்கள். பொங்கல் கபடியில் ஒரே ஊர் மைதானத்தில் தெலுங்கிலும் தமிழிலும் திட்டிக்கொண்டு ஆடியவர்கள், தென்மண்டலப் போட்டி வந்தால் இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயரில் எதிரெதிரே நிற்கலாம். அவரவர் அணியில் இடம் கிடைத்தால்.

இடம் கிடைக்காத ஒருவரை அம்மையார்குப்பத்துத் தறிக்கொட்டகை ஒன்றில் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியவர். அந்தக் காலத்து லெஃப்ட் கார்னர். இரண்டு தறிகளுக்கு நடுவே உள்ள சந்தில் நின்றுகொண்டு, நாடாவில் தார் தீர்ந்ததும் தறியை நிறுத்தி, புதுத் தாரைச் செருகி, நூல் முனையை இழுத்துவிட்டு, மறுபடி ஓட விடுகிறார். அதற்குள் எதிர்த்தறியில் பாவு இழை ஒன்று அறுந்துவிடும். இடுப்பை வளைக்காமல் முட்டியை மட்டும் மடக்கி அப்படியே பக்கவாட்டில் திரும்புகிறார் பாருங்கள், அது கார்னர்காரனின் திரும்பல். ரெய்டர் எடை மாற்றும் அந்தக் கண நேரத்துக்காகக் குந்தி நின்றே பழகிய உடம்பு. ஆனால் வலது முட்டி முழுதாக மடங்குவதில்லை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ஆடும்போது போன லிகமெண்ட். எண்ணெய் தேய்த்து, கட்டுப்போட்டு, அடுத்த மாதமே ஆடியிருக்கிறார். “அப்ப வலி தெரியல சார். இப்ப சாயங்காலம் ஆனா தெரியுது” என்றார்.

விளையாட்டுக்குப் பிந்தைய வாழ்க்கை என்று சொன்னாலே நாம் வேலை, பணம், பரிசு என்று பேசுகிறோம். முட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. இருபது வயதில் கிழிந்த முட்டி லிகமெண்ட் நாற்பதுகளில் மூட்டுத் தேய்மானமாக வந்து நிற்கும் வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவர்களுக்குப் பழைய செய்தி. நாளெல்லாம் நின்றே செய்கிற வேலை என்றால் கேட்கவே வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2024 ஆகஸ்டில் ஒரு காப்பீட்டைக் கொண்டுவந்தது. கல்லூரியில் ஆடும்போது பட்ட காயத்துக்கு, ஆட்டத்தை விட்ட பிறகும் இரண்டு ஆண்டு வரை சிகிச்சைச் செலவுக்கு உதவி. கோடிகோடியாகச் சம்பாதிக்கும் அமைப்பே 2024 வரை யோசித்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே அமைப்பிடம் நாம் கடன் வாங்கத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. 1973 முதல் வெள்ளிவிழா விருது என்று ஒன்றைக் கொடுக்கிறார்கள். கல்லூரி ஆட்டத்தை முடித்து 25 ஆண்டுகள் ஆனவர்களில் சிலரை ஒவ்வொரு ஆண்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆட்டத்தில் எத்தனை கோப்பை என்பதோடு நிற்காமல், அதன்பின் கால் நூற்றாண்டு என்ன செய்தாய் என்றும் கேட்கிற விருது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஆலன் பேஜ் ஒருவர். நோட்ர டாம் பல்கலைக்கழகக் கால்பந்தாட்டக்காரர். அமெரிக்கக் கால்பந்து, நம்முடையது அல்ல. தொழில்முறை ஆட்டத்தில் இருந்தபோதே 1978-ல் சட்டப் பட்டம் வாங்கினார். 1993-ல் மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். எதிரணிக்காரரை மடக்கித் தள்ளிய கை தீர்ப்பு எழுதியது.

நம்மிடம் அப்படி ஆள் இல்லையா? இருக்கிறார்கள். கிண்டியில் பொறியியல் படித்த எஸ். வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடி 156 விக்கெட் எடுத்தார். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியாவின் தலைவர். அதோடு நின்றிருந்தாலே போதும். ஆனால் அவர் அம்பயர் கோட்டை மாட்டிக்கொண்டு 1993 முதல் 2004 வரை 73 டெஸ்ட்களில் நின்றார். ஆடியதைவிட அதிகமாக நடுவராக நின்றவர். மணத்தி கணேசனைச் சொல்லலாம். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் இருந்தவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவரைப் பொதுமக்கள் மறுபடி தேடிப் படித்தது 2025 தீபாவளிக்கு அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கிய ‘பைசன்’ படம் வந்தபோதுதான். தங்கம் வாங்கியவருக்கே முப்பது ஆண்டும் ஒரு மாரி செல்வராஜும் தேவைப்பட்டால், பதின்மூன்றாவது ஆளின் கதையை யார் எடுப்பது?

அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஓய்வுபெற்ற வீரர்களுக்குத் தொழில் பயிற்சி தரும் ‘ரீசெட்’ திட்டத்தை ஒன்றிய அரசு 2024 தேசிய விளையாட்டு நாளில் தொடங்கியது. வயது வரம்பு 20 முதல் 50. நல்ல திட்டம். ஆனாலும் சர்வதேசம், தேசம், மாநிலம் என்று மேலிருந்தே எண்ணத் தொடங்குகிறார்கள். கல்லூரிப் போட்டியோடு நின்றவன் எண்ணிக்கைக்கே வருவதில்லை.

எண்ணிக்கையில் வராவிட்டாலும் வேலை செய்கிறவன் அவன்தான் என்பது என் கட்சி. அந்த லெஃப்ட் கார்னர் ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களுக்குக் கணுக்கால் பிடி சொல்லித்தருகிறார். கார்னரும் பக்கத்து ஆளும் கைகோத்து நிற்கும்போது எந்தக் கை மேலே இருக்க வேண்டும் என்பதற்கே அரை மணி நேரம். சுற்றுவட்டாரப் போட்டிகளுக்கு விசில் ஊதவும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் பி.பி.எட். முடித்துப் பி.டி. மாஸ்டராகப் போனவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களுக்காவது சம்பளம் வருகிறது. இவருக்குப் பழைய பூட்ஸ் விலைகூட வருவதில்லை. நாளை இந்தப் பகுதியிலிருந்து ஒருவன் புரோ கபடி ஏலத்தில் போனால் பேட்டியில் அகாடமியின் பெயர் வரும், தறிக்கொட்டகையின் பெயர் வராது.

பொன்னாடை போர்த்துவது சுலபம். அதற்கு முன் யாருக்குப் போர்த்துவது என்று தெரிய வேண்டும். படிவம் 3-லேயே அதற்கான குறிப்பு இருக்கிறது. பல்கலைக்கழக விளையாட்டுத் துறை அலுவலகத்தில் உள்ள பதிவேடுகளின் அடிப்படையில் வழங்கப்படுவது என்று அச்சிட்டிருப்பார்கள். பொறுப்பாளர் நேரில் கையெழுத்திட்டால்தான் செல்லும். பல்கலைக்கழக அணிக்குப் பதிவேடு உண்டு. கல்லூரி அணிக்கு? ஸ்கோர் ஷீட், ஆட்டக்காரர் பட்டியல், யாருக்கு எந்த நிமிடத்தில் காயம் என்ற குறிப்பு, எல்லாம் உடற்கல்வி இயக்குநரின் அலமாரியைப் பொறுத்த விஷயம். அவர் மாற்றலாகிப் போனால் சாவியும் போகிறது. இருபத்தைந்து ஆண்டு கழித்து விருது கொடுக்க வேண்டுமானால் இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய தாள் வேண்டும்.

ஆகவே பெரிய விழா எதுவும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு ஆண்டும் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்தின் இடைவேளையில், இருபத்தைந்து ஆண்டுக்கு முன் அதே இறுதி ஆட்டத்தில் ஆடிய இருபத்து நான்கு பேரையும் பெயர் சொல்லிக் களத்துக்குக் கூப்பிடட்டும். வென்றவர், தோற்றவர் இருவரையும். இப்போது என்ன வேலை, எந்த ஊர், முட்டி எப்படி இருக்கிறது என்று மைக்கில் கேட்கட்டும். அந்தந்தக் கல்லூரியின் உடற்கல்வித் துறை மாணவர்களே பழைய தாள்களைத் தேடி, படம் பிடித்து, பெயர்களை ஒரு நோட்டில் ஏற்றிவிடலாம். செலவு அதிகம் ஆகாது. அலமாரியைச் சுத்தம் செய்யும் அடுத்த கோடை விடுமுறை வருவதற்குள், பழைய பேப்பர்காரன் கைக்குப் போகும் முன் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.