பெயர் வெட்டிய பாத்திரங்கள்

ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் போய்வந்தவர்களுக்கு இரண்டு ‘சிற்பங்கள்’ ஞாபகமிருக்கும். ஒன்று, ஆனையிறவில் மேடை கட்டி நிறுத்தப்பட்டிருக்கும் புல்டோசர். 1991 சமரில் இராணுவ முகாமை உடைக்கப் புலிகள் கவசம் பூட்டி ஓட்டிவந்தது. மற்றது, போர் முடிந்தபின் கிளிநொச்சியில் காட்சிப்பொருளாக்கப்பட்ட, சரிந்து விழுந்த நீர்த்தாங்கி. இவற்றை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. கிடந்த பொருளை எடுத்து, ஓர் இடத்தில் வைத்து, ‘பார்’ என்று சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நவீன சிற்பக்கலையில் இந்த வேலைக்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. 1917 இல் மார்செல் துஷாம்ப் கடையில் விற்கும் சிறுநீர்க் கோப்பை ஒன்றை மல்லாத்தி வைத்து, ‘நீரூற்று’ என்று பெயரிட்டு நியூயோர்க் கண்காட்சியொன்றுக்கு அனுப்பினார். அவர்கள் அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. ஆனால், ஒரு பொருளைச் சிற்பமாக்குவது செதுக்கும் கையா, தெரிந்தெடுத்து வைக்கும் செயலா என்ற கேள்வி அன்று தொடங்கியது. வன்னியில் இருந்துகொண்டு நான் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறேன்: தெரிந்தெடுப்பவர் யார், யாருடைய பொருளை?

இலங்கைக் கலைஞர்கள் இதை யோசிக்காமல் இல்லை. 1997 இல் சந்திரகுப்த தேனுவர, கொழும்புச் சோதனைச் சாவடிகளில் நின்ற தார்ப்பீப்பாய்களையே கலைப்பொருளாக்கி, ‘பரலிசம்’ என்று பெயர் வைத்தார். தினமும் பார்த்துப் பழகிப்போன பீப்பாய் அங்கே திடீரென்று அந்நியமாகி நின்றது. டெல்லியிலிருந்து இயங்கும் சுபோத் குப்தா, எவர்சில்வர் பாத்திரங்களைக் குவித்து உருவம் செய்பவர். 2008 இல் அணுகுண்டுப் புகைமண்டலத்தின் வடிவில் அவர் அமைத்த ‘லைன் ஒஃப் கொன்ட்ரோல்’ பெரும் வியப்பைத் தந்தது. படங்களில்தான் பார்த்தேன், எனக்கும் வியப்புத்தான். ஆனால் அந்தக் குவியலில் எந்தச் சட்டி எந்த வீட்டு அடுப்பில் இருந்தது என்று கேட்க இடமில்லை. பாத்திரம் அங்கே ஒரு செங்கல்.

இதற்கு நேர்மாறாக நிற்பவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தா. சனாதனன். ‘வரலாறுகளின் வரலாறு’ என்று தமிழில் சொல்லக்கூடிய அவரது படைப்பு 2004 இல், சமாதான காலத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் வைக்கப்பட்டது. குடாநாட்டு வீடுகளிலிருந்து சேகரித்த அன்றாடப் பொருட்கள்தான் அதன் உடல். 1981 இல் எரிக்கப்பட்ட நூலகத்துக்குள் வீட்டுச் சாமான்கள் ஆவணமாக வந்து அமர்ந்தன. பிறகு 2011 இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ நூலுக்காக, இடம்பெயர்ந்த எண்பது பேரைத் தங்கள் பழைய வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. இரண்டாவதுதான் எனக்குக் கூடுதலாகப் பிடித்தது. இழந்தவரின் சொந்தக் கைக்கோடு அதில் இருக்கிறது. பொருள் தானாகப் பேசாது; உரியவர் பேசினால்தான் பேசும்.

உயிருள்ளவற்றின் உருவத்தைச் செதுக்குவதை மார்க்கம் விரும்பவில்லை என்பதால் சிற்பம் எங்களுக்குத் தூரமான கலை என்று பழகிவிட்டோம். ஆனால் இந்தச் சிற்பத்தில் முகமில்லை, உடலில்லை. ஒரு கேத்தல், ஒரு படிக்கம், ஒரு வட்டா போதும். துக்கத்தைச் சொல்ல உருவம் வேண்டாம் என்று இருக்கும் சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கலை எது?

என் வீட்டுச் சங்கதியைச் சொல்கிறேன். எங்கட ஊர் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்று. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மா தூக்கிவந்த ஒரே பாத்திரம், வாப்பாவின் பெயர் வெட்டிய சஹன். ஏன் அதை எடுத்தீங்க என்று கேட்டேன். “ஒவ்வொரு பீங்கானா எடுக்கக் கையில்ல மகன். சஹன் எண்டா எல்லாரும் ஒண்டாச் சாப்பிடலாம்” என்றா. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் ஆறு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்தோம்.

அதே பெயர் வெட்டிய பெரிய அண்டா ஒன்று ஊரிலேயே நின்றுவிட்டது. போர் முடிந்து ஊர் பார்க்கப் போனபோது பக்கத்துக் கிராமத்துத் தமிழ் அம்மா ஒருவர் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கட அண்டாவை நான்தான் எடுத்து வச்சிருந்தனான் அக்கா. மாத்தளன் மட்டும் கொண்டுபோனன். அங்க விட்டிட்டு வந்திட்டன்” என்றார். உம்மா ஒன்றுதான் கேட்டா: “தண்ணி வச்சனீங்களா அதில?” “ஓம், பங்கர் வாசல்ல.” அதற்குப்பிறகு இருவரும் பேசவில்லை.

கதை அங்கே முடியவில்லை. 2009 க்குப் பிறகு வன்னியில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் சட்டிபானையும் குவிந்து கிடந்தன. அவை பழைய இரும்பாகி, கிலோக் கணக்கில் லொறி ஏறின. அந்த வியாபாரத்தில் எங்கட ஆக்களும் இருந்தார்கள். வவுனியாவில் என் சொந்தக்காரர் ஒருவரும் தராசு வைத்திருந்தார். வாப்பாவின் பெயர் வெட்டிய அண்டா அந்தத் தராசிலேயே ஏறியிருக்கலாம். ஒருவருடைய இழப்பு மற்றவருக்கு நிறை.

இந்த அண்டாவை ஒரு கண்காட்சியில் வைத்தால் கீழே என்ன எழுதுவது? ‘முஸ்லிம்களின் இழப்பு’ என்றா, ‘தமிழர்களின் இழப்பு’ என்றா? ஆனையிறவுப் புல்டோசருக்கு இந்தச் சங்கடம் இல்லை. அது ஒரே கதையைச் சொல்லவே மேடையேறியது. கலை தொடங்குவது இந்தச் சங்கடத்தில்தான். அண்டாவில் இருப்பது வாப்பாவின் பெயர். அதில் நின்றது மாத்தளன் தண்ணீர். அதைக் கடைசியாக நிறுத்தது எங்கட தராசு. மூன்றையும் ஒரே துண்டில் எழுதத் துணிகிற கலைஞன்தான் வன்னியின் சிற்பத்தைச் செய்வான்.

1990 பற்றி நாங்கள் கவிதை எழுதினோம், ஆய்வு செய்தோம். பாத்திரங்களுக்கு அந்த அளவு கவனம் கொடுக்கவில்லை. தண்ணீரூற்றிலோ நீராவிப்பிட்டியிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில், இரண்டு சமூகத்து வீடுகளிலும் மிஞ்சிய பொருட்களை, உரியவர்களின் பேச்சையே விளக்கமாக எழுதி ஒருமுறை வைத்துப் பார்க்கலாம். தூக்கிவந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். எங்கட சஹனைத் தர உம்மாவும் சம்மதித்துவிட்டா. ஒரே ஒரு நிபந்தனை: “நோன்புக்கு முதல் திருப்பித் தந்திரணும்.”