விளிம்பைத் தாண்டும் நிறம்

அரை அரூபச் சடப்பொருள் ஓவியத்தில் முதலிற் பார்க்கவேண்டியது பொருளின் விளிம்பு. நிறம் அங்கே நிற்கிறதா, தாண்டிப் போகிறதா என்பதில் ஓவியரின் கை தெரிந்துவிடும். செசான் ஆப்பிளின் ஓரத்தில் இரண்டு மூன்று நீலக் கோடுகளை இட்டு, எது எல்லை என்பதைக் கண்ணின் பொறுப்பில் விட்டார். 1912இல் பிராக், மரரேகை அச்சிட்ட சுவர்க்கடதாசியை அவிஞ்ஞோனில் வாங்கி, வெட்டி ஒட்டி, பழத்தட்டையும் கிளாசையும் கரியால் வரைந்தார். கடதாசியின் பழுப்பு ஓரிடத்தில் முடிந்தது, கரிக்கோடு வேறிடத்தில் முடிந்தது. நிறமும் உருவமும் தனித்தனியே நடமாடத் தொடங்கியது அப்போதுதான்.

இலங்கையில் இதை நன்கு உள்வாங்கியவர் ஜோர்ஜ் கீற் (1901–1993). கோதமி விகாரைச் சுவரோவியங்களும் நாயக நாயகியரும் அவருக்குப் பேர் தந்தன. 1930களின் சடப்பொருள் ஓவியங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ரசிகருக்குக் கூடுதலாகக் கிடைப்பதோ அவற்றில்தான். கீற்றின் கோடு ஒரு பொருளைச் சுற்றி வந்து அடங்கிவிடாது. ஒரு பழத்தின் வளைவே பக்கத்துப் பாத்திரத்தின் தோளாகும். ஒரே கோட்டுக்கு இருபுறமும் இரண்டு பொருள். எது முன்னே, எது பின்னே என்பதை நிழல் சொல்வதில்லை, நிறத்தின் சூடும் குளிர்ச்சியும் சொல்லும். ஓவியர் ஜஸ்ரின் தெரணியகலவை மேலாகக் கொள்வோருக்கு இக்கோடு வெறும் அலங்காரம். உருவம் வர்ணத்தின் தடிப்பிலேயே பிறக்கவேண்டும் என்பது அவர்கள் கட்சி. 1956 வெனிஸ் பியனாலேயில் தெரணியகலவின் 'மீன்' பெற்ற யுனெஸ்கோ பரிசையும் சுட்டுவர். மனித உருவங்களில் அவ்வாதம் செல்லும். மேசைமேல் இருக்கும் பழத்துக்கு அவ்வளவு ஆவேசம் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துக்கு இவை தொலைவான சங்கதிகள் அல்ல. 1938இல் வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கிய எஸ்.ஆர். கனகசபை, கீற்றும் தெரணியகலவும் சேர்ந்திருந்த '43 ஓவியர் குழுவிலும் இருந்தவர். ஆயினும் சித்திர வகுப்பிற் சடப்பொருள் என்றால் இன்றும் பென்சிலாற் படிப்படியாக நிழல் தீட்டுவதே பெரும்பாடு. புங்குடுதீவின் உச்சி வெயிலில் நிழல் அப்படி மெல்ல மங்குவதில்லை. மதிலிற் கறுப்பாக வெட்டி விழும். அங்கே பொறுக்கிய பனம்பழம் ஒன்றே பாடத்துக்குப் போதும்: வளைவு தொடர்ந்துகொண்டிருக்க, கறுப்பு நடுவழியில் நின்று செம்மஞ்சள் தொடங்கும். உருவம் முடியாத இடத்தில் நிறம் முடிகிறது.

இப்போது ஹோட்டற் சுவர்களுக்கென விற்கப்படும் 'அரை அரூபம்' பெரும்பாலும் வேறு சரக்கு. ஒளி, நிழல், மினுக்கம் எல்லாம் வைத்து ஒரு கூஜாவை முழுதாக வரைந்து, கடைசியிற் கத்தியால் நாலு வர்ணத்தை இழுத்துவிடுகிறார்கள். இழுத்த வர்ணத்துக்கு அடியில் கூஜா பழைய கூஜாவாகவே இருக்கிறது. அதன் ஒரு விளிம்புகூட இடம் மாறியிருக்காது.